ஜி.என்.இ. தசை நோய்: ஒரே குடும்பத்தில் இரண்டு அறிக்கைகள், இரண்டு எண்கள், அக்கா மகள் சம்பந்தத்துக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

காவேரிப்பட்டினத்தான்

அனைவருக்கும் வணக்கம். என் கடைசித் தம்பிக்கு இப்போது 29 வயது. கல்லூரி முடித்த காலத்திலேயே அவனுடைய செருப்புகளின் முன்நுனி மட்டும் தேய்ந்து ஓட்டையாகிக்கொண்டிருந்தது. குதிகால் பக்கம் வாங்கியது வாங்கியபடியே இருக்கும். வரப்பில் நடக்கும்போது முழங்காலை வழக்கத்தைவிட உயர்த்தி வைப்பான், சமதரையில் கால் தட்டி விழுவான். ஒரு தனியார் மருத்துவமனையில் முதுகில் டிஸ்க் விலகியிருக்கிறது என்று சொல்லி இடுப்புப் பட்டையும் ஊசிகளும் கொடுத்தார்கள். எந்தப் பயனும் இல்லை. பிறகு தர்மபுரியில் ஒரு நரம்பியல் மருத்துவர் அவனைக் குதிகாலால் நடக்கச் சொல்லிப் பார்த்தார். ஓர் அடிகூட அவனால் எடுத்து வைக்க முடியவில்லை. அவர்தான் பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். தசை பழுதானால் இரத்தத்தில் கூடும் சி.பி.கே. அளவு 540. மரபணுப் பரிசோதனையில் ஜி.என்.இ. என்ற மரபணுவில் இரண்டு மாற்றங்கள் இருப்பதாக அறிக்கை வந்தது. அவற்றில் ஒன்று, அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் 727ஆம் இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தியோனின் என்ற வேறொன்று வந்திருப்பது.

பர்கூரில் வாக்கப்பட்ட என் அத்தை மகளுக்கும் இதே நோய்தான். அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே பரிசோதனை செய்துகொண்டவர். அவருடைய அறிக்கையில் அதே வாலின், அதே மெத்தியோனின், ஆனால் இடம் 696 என்று இருக்கிறது. இரண்டாவது மாற்றத்தின் எண்ணும் இரு அறிக்கைகளிலும் ஒத்துப்போகவில்லை. எங்கள் வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறார்கள். என் அப்பாவின் தங்கையை என் அம்மாவின் அண்ணனுக்குக் கொடுத்திருக்கிறது.

என் நடுத் தம்பிக்கு 33 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை. அவனுக்கு எங்கள் அக்கா மகளைப் பேசியிருக்கிறார்கள். அந்தப் பெண் 22 வயதில் செவிலியர் படிப்பை முடித்திருக்கிறாள். தை மாதம் நிச்சயம் செய்ய வேண்டும் என்பது பெரியவர்களின் எண்ணம். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே நோயா, இரண்டு வெவ்வேறு நோய்களா, இந்தச் சம்பந்தத்தைத் தொடரலாமா, இதற்கு மருந்து உண்டா என்பவை தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஊத்தங்கரை ஆய்வு மாணவி

அண்ணா, முதலில் எண்களைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துவிடலாம். அது தீராமல் சம்பந்தத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

ஜி.என்.இ. மரபணுவிலிருந்து உருவாகும் புரதத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு. குட்டை வடிவத்தில் 722 அமினோ அமிலங்கள் இருக்கின்றன, நீண்ட வடிவத்தில் 753. நீண்ட வடிவத்தின் தொடக்கத்தில் 31 அமினோ அமிலங்கள் கூடுதலாக இருப்பதே வேறுபாடு. தொடக்கத்தில் எல்லோரும் குட்டை வடிவத்தை வைத்தே இடங்களை எண்ணிவந்தார்கள். 2014இல் இத்துறை ஆய்வாளர்கள் நீண்ட வடிவத்தை வைத்து எண்ணுவதே முறை என்று பரிந்துரைத்தார்கள். ஆகவே பழைய அறிக்கையின் 696உடன் 31ஐக் கூட்டினால் 727 வந்துவிடும். நிலவரித் திட்டத்துக்குப் பிறகு ஒரே காட்டுக்குப் பழைய சர்வே எண்ணும் புதிய சர்வே எண்ணும் இருப்பதைப் போன்றதுதான் இது. உங்கள் இரண்டாவது மாற்றத்துக்கும் இரு அறிக்கைகளிலும் உள்ள எண்களைக் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் 31 ஆகவும் இரு பக்கத்து அமினோ அமிலங்கள் ஒன்றாகவும் இருந்தால், தம்பிக்கும் அத்தை மகளுக்கும் இருப்பவை அதே இரண்டு மாற்றங்கள்தான்.

இந்த மரபணுவின் வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் உயிரணுக்களின் மேற்பரப்பில் உள்ள புரதங்களின் சர்க்கரைச் சங்கிலிகளில், பெரும்பாலும் கடைசி நுனியில், சயாலிக் அமிலம் என்ற ஒரு மூலக்கூறு அமர்ந்திருக்கும். அதை உடல் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. அந்த உற்பத்தியின் முதல் இரண்டு படிகளையும் ஜி.என்.இ. என்ற ஒரே புரதம் செய்கிறது. அதன் முன்பாதி எபிமரேஸ். அது ஒரு சர்க்கரையை மேனோசமின் வகைச் சர்க்கரையாக மாற்றுகிறது. பின்பாதி கைனேஸ், அது அந்தச் சர்க்கரையின் மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றி அடுத்த படிக்கு அனுப்புகிறது. 727ஆம் இடம் இந்தக் கைனேஸ் பாதியில் வருகிறது. தாய்வழி, தந்தைவழி என இந்த மரபணுவுக்கு உள்ள இரு பிரதிகளும் பழுதுபட்டால் இந்தப் புரதம் வேலை செய்யும் வேகம் குறைகிறது, ஆனால் முழுவதும் நின்றுவிடுவதில்லை; அதனால்தான் குழந்தைப் பருவம் முழுவதும் எந்தக் குறையும் தெரியாமல் இருபது வயதுக்கு மேல் நோய் தலைகாட்டுகிறது என்று கருதுகிறார்கள்.

1981இல் ஜப்பானில் நொனாகா என்ற மருத்துவர் இதை விவரித்தார். 1984இல் இஸ்ரேலில் ஆர்கோவும் யாரோமும் ஈரானிலிருந்து வந்த யூதக் குடும்பங்களில், தொடையின் முன்தசை மட்டும் தப்பித்துக்கொள்ளும் ஒரு விந்தையான தசை நோயை எழுதினார்கள். 2001இல் ஜெருசலேமில் ஸ்டெல்லா மித்ரானி-ரோசன்பாம் அவர்களின் குழு இதற்குக் காரணமான மரபணு ஒன்பதாவது குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கும் ஜி.என்.இ. என்று கண்டறிந்தது. ஜப்பானியர் சொன்ன நோயும் இதுவே என்பது அதற்குப் பிறகு உறுதியானது. ஈரானிய யூதர்களிடம் ஒரு மாற்றமும் ஜப்பானியரிடம் வேறு சில மாற்றங்களும் மிகுதியாகக் காணப்படுவதைப் போல, இந்தியத் துணைக்கண்டத்து நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படுவது உங்கள் வீட்டில் இருக்கும் இந்த 727தான். நம் நாட்டு நோயாளிகளில் பலருக்கு ஒரு பிரதியில் இதுவும் மறு பிரதியில் வேறொரு மாற்றமும் இருக்கும்.

சி.பி.கே. 540 என்பதும் இந்த நோயோடு பொருந்துகிறது. சிறுவர்களுக்கு வரும் டுஷேன் தசைச் சிதைவு போன்ற நோய்களில் அது பல ஆயிரங்களில் இருக்கும். இதில் இயல்பாகவோ சற்றே கூடுதலாகவோ இருக்கும். அதனால்தான் பலருக்கு முதுகிலும் நரம்பிலும் தேடிக் காலம் கழிந்துவிடுகிறது.

பென்னாகரம் பெரியவர்

தம்பி, உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை அறிந்து வருந்துகிறேன். ஆனால் இந்த விவாதம் போகப்போகிற திசையை நினைத்தால் எனக்குச் சஞ்சலமாக இருக்கிறது. நான் அக்கா மகளைக் கட்டியவன். என் தகப்பனாரும் அப்படியே. எங்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம்கூட வழக்கம் உள்ள இடத்தில் இதை ஏற்றுக்கொள்கிறது. சொந்தத்தில் கொடுத்தால் பெண்ணுக்கு மாமியார் வீட்டிலும் தாய் வீட்டு ஆதரவு இருக்கும், நிலம் சிதறாது, நகை சீர் என்று வாட்டி எடுக்க மாட்டார்கள். இதையெல்லாம் பார்க்காமல் சொந்தத்தில் கட்டுவதே குற்றம் என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் சொல்லும்போது மனது ஒப்பவில்லை. இன்னொன்றும் உண்டு: இந்த வீட்டில் தசை நோய் இருக்கிறது என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால், அந்த வீட்டுப் பெண்களுக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் மாப்பிள்ளை வராது. பரிசோதனை செய்வது எளிது. வந்த முடிவோடு ஊருக்குள் வாழ்வது எளிதல்ல.

மத்தூர் கணித ஆசிரியர்

ஐயா சொல்லும் அச்சம் நியாயமானது. ஆனால் இந்தக் குடும்பத்தின் கேள்வி பொதுவாகச் சொந்தத்தில் கட்டலாமா என்பது அன்று; ஒரு குறிப்பிட்ட மாற்றம் வீட்டில் இருப்பது தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது. தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் கால்பங்குக்கும் மேல் இரத்த உறவுக்குள்தான் நடக்கின்றன என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். ஆகவே கணக்கை இந்தக் குடும்பத்துக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம்.

இது ஒடுங்கு மரபு நோய். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு பழுதுகளும் சேர்ந்தால்தான் நோய். கடைசித் தம்பிக்கு நோய் இருப்பதால், அப்பா ஒரு மாற்றத்தையும் அம்மா இன்னொன்றையும் சுமக்கிறார்கள் என்று கொள்ளலாம். அப்பாவின் தங்கையும் அம்மாவின் அண்ணனும் அதே இரண்டைச் சுமந்ததால்தான் அத்தை மகளுக்கும் வந்திருக்கிறது. இப்படிப்பட்ட பெற்றோருக்குப் பிறந்து நோயில்லாமல் இருக்கும் பிள்ளை கேரியராக, அதாவது நோயில்லாமல் ஒரு பழுதை மட்டும் சுமப்பவராக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. நடுத் தம்பிக்கு அது பொருந்தும், அக்காவுக்கும் பொருந்தும். அக்கா கேரியராக இருந்தால் அது மகளுக்குப் போக பாதி வாய்ப்பு. ஆக மகளுக்கு மூன்றில் ஒன்று. இருவரும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் பதினெட்டில் ஒன்று. அக்காவின் கணவர் இந்த மாற்றங்களைச் சுமக்கவில்லை என்ற அனுமானத்தோடு போட்ட கணக்கு இது.

ஆனால் பதினெட்டில் ஒன்று என்ற இந்த எண்ணை வைத்துக்கொண்டு முடிவெடுக்கத் தேவையே இல்லை. இருவரையும் பரிசோதித்துவிட்டால் அந்த எண் காணாமல் போய்விடும். இருவரில் ஒருவர் கேரியர் இல்லை என்று தெரிந்தாலும், வீட்டில் உள்ள இந்த இரண்டு மாற்றங்களால் குழந்தைக்கு நோய் வரும் கவலை நீங்குகிறது. இருவருமே கேரியர் என்றால் நான்கில் ஒன்று என்பது உறுதியாகிறது. ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் அச்சத்தில் வைத்திருப்பதைவிட இது மேலானது என்பது என் தாழ்மையான கருத்து.

ஊத்தங்கரை ஆய்வு மாணவி

ஐயாவின் கணக்கு சரியானது. அதோடு ஒரு முக்கியமான செய்தியைச் சேர்க்க வேண்டும். அதைப் பரிசோதனைக்கு முன்பே நடுத் தம்பியிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்த நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. 33 வயதில் அவருக்குத் தொந்தரவு இல்லை என்பது நல்ல அறிகுறிதான். ஆனாலும் அவர் இரு மாற்றங்களையும் பெற்றிருக்கும் வாய்ப்பு முழுவதும் நீங்கிவிடவில்லை. அப்படியானால், திருமணத்துக்காகக் கேரியர் பரிசோதனை என்று எடுக்கும் அதே இரத்தம், அவருக்கே எதிர்காலத்தில் நோய் வரும் என்று சொல்லிவிடக்கூடும். இதை அறியாமல் கையை நீட்டிவிட்டு, அறிக்கையைப் பிரித்த பிறகு தெரிந்துகொள்வது மிகக் கொடுமை. மரபணு ஆலோசகர் முதலில் உட்காரவைத்துப் பேசுவது இதற்காகத்தான். நிம்ஹான்ஸிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் அதற்கான ஏற்பாடு உண்டு. முதலில் பிசியோதெரபிஸ்ட் அல்லது நரம்பியல் மருத்துவர் ஒருவர் நடுத் தம்பியின் கணுக்காலைத் தூக்கும் பலத்தைச் சோதித்துப் பார்ப்பதும் நல்லது.

பரிசோதனை முறையைப் பற்றியும் ஒரு சொல். வீட்டில் உள்ள இரண்டு மாற்றங்களும் ஏற்கெனவே தெரியும் என்பதால், உறவினர்களுக்கு எல்லா மரபணுக்களையும் படிக்கும் பெரிய பரிசோதனை வேண்டியதில்லை. அந்த இரண்டு இடங்களை மட்டும் சாங்கர் முறையில் படித்தால் போதும். செலவு பல மடங்கு குறையும். அதற்குத் தம்பியின் அறிக்கை நகலைக் கட்டாயம் கையோடு கொண்டுபோக வேண்டும்.

ஓசூர் வாசகி

எனக்கே ஜி.என்.இ. நோய் உண்டு. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். நான் கட்டியதும் சொந்தத்தில்தான். எனக்கு நோய் தெரிந்தது இரண்டாவது குழந்தைக்குப் பிறகு.

இதுவரை எழுதிய அனைவரும் நடுத் தம்பியைப் பற்றியும் பெரியவர்களைப் பற்றியும் பேசியிருக்கிறீர்கள். அந்த 22 வயதுப் பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா? அவள் செவிலியர் படிப்பு முடித்தவள். கேரியர் என்றால் என்னவென்று நம்மில் பலரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். இரத்தம் கொடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவள் அவள். பரிசோதனை முடிவு முதலில் அவள் கைக்கு வர வேண்டும், மாமன் கைக்கோ தாத்தா கைக்கோ அல்ல. கேரியர் என்று வந்தாலும் அவள் நோயாளி அல்லள். அவளுடைய தசைக்கு எதுவும் ஆகப்போவதில்லை. இதை வீட்டுப் பெரியவர்களிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள், ஏனென்றால் கேரியர் என்ற சொல்லையே நோய் என்று எடுத்துக்கொண்டு ஒதுக்கிவைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பென்னாகரம் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். மறைப்பதால் பெண்கள் காப்பாற்றப்படுவதில்லை, ஐயா. என் வீட்டில் பெரியப்பா ஒருவர் இளம் வயதில் நடக்க முடியாமல் போனதைப் போலியோ என்று சொல்லி வைத்திருந்தார்கள். போலியோ பெரும்பாலும் சிறு குழந்தைகளுக்குத் திடீரென்று வருவது. முப்பது வயதில் கொஞ்சம் கொஞ்சமாக நடை போனவருக்கு அது எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. அன்று கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பாவது இருந்திருக்கும்.

பென்னாகரம் பெரியவர்

அம்மா, நீங்கள் சொல்வதை மறுக்க எனக்கு வாயில்லை. பெண்ணைக் கேட்க வேண்டும் என்பதையும், முடிவு முதலில் அவளிடம் வர வேண்டும் என்பதையும் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சம்பந்தம் பேசுகிறவர்களுக்குத் தெரிந்தால் போதாதா?

ஓசூர் வாசகி

போதும், ஐயா. சம்பந்தம் பேசுகிற இரு பக்கத்துக்கும், இரத்த உறவில் திருமண வயதில் இருக்கிறவர்களுக்கும் தெரிந்தால் போதும். மற்றவர்களுக்குச் சொல்வது அவரவர் விருப்பம். பர்கூர் அத்தை மகளின் உடன்பிறந்தவர்களும் இதில் அடங்குவார்கள் என்பதைக் காவேரிப்பட்டினத்தார் கவனிக்க வேண்டும். அவர்களுக்கும் மூன்றில் இரண்டு என்ற அதே கணக்குதான்.

அரூர் இயன்முறை மருத்துவர்

திருமணப் பேச்சுக்கு நடுவே நோயாளித் தம்பியை மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இந்த நோயில் முதலில் பலவீனமாவது கணுக்காலை மேல்நோக்கித் தூக்கும் முன்கால் தசை. அதனால்தான் பாதம் தொங்குகிறது, செருப்பின் முன்நுனி தேய்கிறது, தடுக்காமல் இருக்க முழங்காலை உயர்த்த வேண்டியிருக்கிறது. பிறகு தொடையின் பின்தசையும் இடுப்பை மடக்கும் தசையும் தளர்கின்றன. சில ஆண்டுகளில் கையும் தோளும். தொடையின் முன்தசை மட்டும் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். இது நோயாளிக்குக் கிடைத்த பெரிய ஆதரவு. முழங்காலை நீட்டிப் பூட்டி நிற்க அந்தத் தசை உதவுவதால், மற்ற தசைகள் போன பிறகும் பலர் ஆண்டுக்கணக்கில் நடக்கிறார்கள். இதயமும் அறிவும் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. மூச்சுத் தசைகளை மட்டும் நோய் முற்றிய நிலையில் அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும்.

இப்போதே ஏ.எஃப்.ஓ. என்று சொல்லும் கணுக்கால் தாங்கி ஒரு சோடி அளவெடுத்துச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். எடை குறைந்த வகையாகப் பார்த்து வாங்குங்கள். கனமான தாங்கி, இடுப்பு ஏற்கெனவே தளரத் தொடங்கியவருக்குப் பாரமாகிவிடும். அது கெட்டியான ஷூவுக்குள் போட வேண்டியது, ரப்பர் செருப்போடு போட்டால் பயனில்லை. வெயில் காலத்தில் நம் பக்கத்தில் ஷூ போட்டு நடப்பது சிரமம் என்பது தெரியும்; பின்பட்டை உள்ள சாண்டல் அகலமாக வாங்கினாலும் சமாளிக்கலாம். வீட்டில் வாசற்படியின் உயரத்தைக் குறைத்துக் கைப்பிடி வையுங்கள், குளியலறைத் தரையைச் சொரசொரப்பாக்குங்கள். விழுவதால் உடையும் எலும்பும், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் படுத்திருப்பதும் நோயைவிட வேகமாக நடையைப் பறித்துவிடும்.

உடற்பயிற்சியில் ஜிம் எடை வேண்டாம். மறுநாளும் வலி தங்குகிற அளவுக்கு எதையும் செய்யக் கூடாது. கெண்டைக்கால் தசை இறுகாமல் தினமும் நீட்டிவிடுவதும், முடிந்தால் நீரில் நடப்பதும் போதும். எண்ணெய் போட்டு மிதித்து உருவிவிடுகிறேன் என்று வருபவர்களை அருகே விடாதீர்கள்.

காவேரிப்பட்டினத்தான்

அனைவருக்கும் நன்றி. கழித்துப் பார்த்தேன், இரண்டாவது மாற்றத்திலும் வித்தியாசம் 31தான். அமினோ அமிலங்களும் ஒன்றே. அக்கா மகளிடம் நானும் என் மனைவியும் நேரில் பேசினோம். அவள் எங்களைவிடத் தெளிவாக இருக்கிறாள். மாமாவும் இரத்தம் கொடுத்தால்தான் நானும் கொடுப்பேன், இருவரின் பரிசோதனை முடிவும் ஒரே நேரத்தில் வர வேண்டும், அதுவரை நிச்சயத் தேதி குறிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

மருந்து பற்றிய கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது. இணையத்தில் ஒருவர் சயாலிக் அமில மாத்திரை என்று ஒரு மாதத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் கேட்கிறார். தூக்கணாங்குருவிக் கூட்டைப் போன்ற ஏதோ பறவைக் கூட்டின் சாறு என்றும் சொல்கிறார். தம்பி நம்பிக்கையோடு கேட்கிறான்.

பாலக்கோடு மருந்தாளுநர்

அவர் சொல்வது தென்கிழக்காசியாவின் உழவாரக் குருவி எச்சிலால் கட்டும் கூடு. அதில் சயாலிக் அமிலம் இருப்பது உண்மைதான். ஆனால் அதைக் குடித்தால் இந்த நோய் நிற்கும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. வாங்காதீர்கள்.

உண்மையான மருந்து ஆய்வின் கதை இது. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்த நோய் வருமாறு உருவாக்கிய எலிகளுக்கு முன்கூட்டியே சயாலிக் அமிலம் கொடுத்ததால் தசை கெடாமல் காக்கப்பட்டதைக் காட்டினார்கள். அதைக் கண்டு உலகெங்கும் நோயாளிகளிடையே பெரும் நம்பிக்கை பிறந்தது. அல்ட்ராஜெனிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், உடலில் மெதுவாகக் கரையும் சயாலிக் அமில மாத்திரையை நாளொன்றுக்கு 6 கிராம் என்ற அளவில் 48 வாரங்கள் கொடுத்து, 89 நோயாளிகளிடம் மூன்றாம் கட்ட ஆய்வு செய்தது. 2017இல் முடிவு வந்தபோது, மருந்து எடுத்தவர்களின் கை பலத்துக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களின் கை பலத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஜப்பானில் மட்டும் அந்நாட்டு ஆய்வுகளைக் கொண்டு 2024இல் இந்த வகை மாத்திரைக்கு அனுமதி அளித்தார்கள். அதுவும் மருத்துவர் மேற்பார்வையில், அளவும் தூய்மையும் உறுதி செய்யப்பட்ட மருந்து. இணையத்தில் விற்கும் பொடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. இந்த நோயைத் தசை அழற்சி என்று கருதி ஸ்டீராய்டு எழுதிக் கொடுப்பது உண்டு. ஜி.என்.இ. என்று உறுதியான பிறகு அதைத் தொடர்வதில் பயனில்லை; எலும்பும் சர்க்கரையும்தான் கெடும். ஆனால் நெடுநாள் எடுத்துவந்தவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஊத்தங்கரை ஆய்வு மாணவி

மருந்தாளுநர் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சயாலிக் அமிலத்தையே நேரடியாகக் கொடுப்பதற்குப் பதில், கைனேஸ் படிக்குள் நுழையும் அந்த மேனோசமின் வகைச் சர்க்கரையைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வும் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் நடந்திருக்கிறது. ஜி.என்.இ.யின் கைனேஸ் பாதியே பழுதாக இருக்கும்போது அந்தச் சர்க்கரை எப்படிப் பயன்படும் என்று உங்களைப் போன்ற குடும்பங்கள் கேட்பது நியாயம். உடலில் வேறொரு கைனேஸும் அந்தச் சர்க்கரையின் மீது பாஸ்பேட்டை ஏற்ற வல்லது. அந்தப் பக்கவழியை நம்பித்தான் இந்த முயற்சி. இதுவும் இன்னும் ஆய்வுதான், மருந்தாக வரவில்லை. இத்தகைய ஆய்வுகள் நம் நாட்டுக்கு வரும்போது, மரபணு உறுதி செய்யப்பட்டு, நடையும் பலமும் ஆண்டுதோறும் அளந்து பதியப்பட்டவர்களைத்தான் முதலில் தேடுவார்கள். ஆகவே தம்பி நிம்ஹான்ஸ் தசை நோய்ப் பிரிவுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது தவறாமல் போய்வர வேண்டும். மருந்தே இல்லையே, எதற்குப் பெங்களூரு பஸ் ஏற வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

ஓசூர் வாசகி

தம்பிக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் தசைச் சிதைவும் ஒன்று. 40 விழுக்காட்டை எட்டினால்தான் வேலை இடஒதுக்கீடு போன்றவை கிடைக்கும். தமிழ்நாடு அரசு தசைச் சிதைவு நோயாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மருத்துவக் குழுவின் முன் போகும்போது மரபணு அறிக்கையோடு நிம்ஹான்ஸ் மருத்துவர் எழுதிய சுருக்கத்தையும் எடுத்துச் செல்லுங்கள். இது அரிய நோய் என்பதால், பார்க்கிற மருத்துவர் இதுவரை ஒரு நோயாளியைக்கூடக் கண்டிருக்க வாய்ப்பில்லை. தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நலமானவனைப் போலவே தெரிவான். குதிகாலால் நடக்கச் சொல்லிப் பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள்.

மத்தூர் கணித ஆசிரியர்

காவேரிப்பட்டினத்தாருக்கு ஒரு கேள்வி. கடைசித் தம்பியின் திருமணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அவருடைய குழந்தைகள் எல்லோரும் கேரியராக இருப்பார்கள் என்பது உறுதி. ஆனால் மனைவி இந்த மரபணுவில் கேரியர் இல்லை என்று தெரிந்தால் ஒரு குழந்தைக்கும் நோய் வராது. இந்த 727 நம் நாட்டில் ஓரளவு பரவலாக இருப்பதால், மணமகளைச் சொந்தத்துக்கு வெளியே எடுத்தாலும், அவருக்கும் ஜி.என்.இ. முழுவதையும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. நோய் வந்தவனுக்குக் கல்யாணம் எதற்கு என்று வீட்டில் முடிவு செய்துவிடாதீர்கள்.

காவேரிப்பட்டினத்தான்

ஐயா, அப்படி யாரும் முடிவு செய்யவில்லை, செய்யவும் விட மாட்டேன். தம்பி இந்த இழை முழுவதையும் படித்துவிட்டான். அந்தப் பொடியை வாங்க வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். தாங்கிக்கு வரும் வாரம் அளவெடுக்கப் போகிறோம். பர்கூர் அத்தை மகளின் அண்ணனிடம் தொலைபேசியில் பேசினேன், அவரும் நிம்ஹான்ஸுக்கு எங்களோடு வருகிறார். மரபணு ஆலோசனைக்குப் பதிவு செய்துவிட்டோம். நடுத் தம்பி, அக்கா, அக்கா மகள் மூவரும் வருகிறார்கள். அக்காவும் பரிசோதித்துக்கொள்வது அவசியமா, மகள் மட்டும் போதுமா?

ஊத்தங்கரை ஆய்வு மாணவி

இந்தச் சம்பந்தத்துக்கு மட்டும் என்றால் மகள் போதும், அண்ணா. அக்காவுக்கு வேறு பிள்ளைகள் இருந்தால் அக்காவையே முதலில் பரிசோதிப்பது சிக்கனம். அவர் கேரியர் இல்லையென்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பரிசோதனையில் விடை கிடைத்துவிடும். அப்பா, அம்மா இருவரின் இரத்தத்தையும் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். எந்த மாற்றம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது உறுதியானால், பர்கூர்க் குடும்பத்துக்கும் அதே விடை உதவும். இரண்டு அறிக்கைகளின் நகல்களையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய அறிக்கையின் ஓரத்தில் 696 என்பதன் பக்கத்தில் 727 என்று பென்சிலால் எழுதி வையுங்கள்.